நல்ல கீபோர்ட்

புது மவுஸின் வயிற்றில் ஒட்டிவந்த நீலத்தாளை உரிக்காமல் விட்டதுதான் யோகலிங்கம் செய்த பிழை.

கமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடிக்கும்வரை அவருக்கே அது தெரியாது. கணினியின் மறுபக்கத்திலிருந்து, மூன்று வருடமாக இதே மவுஸைத்தான் பாவிக்கிறீர்களா என்று சுத்தமான லண்டன் ஆங்கிலத்தில் கேள்வி வந்தது.

யோகலிங்கம் தலையாட்டினார்.

கேட்டவள் பெனிற்றா பேர்னாட். கம்பனி ஆட்களின் வீட்டு மேசைகளைப் பரிசோதிப்பது அவள் வேலை. தன் கமராவை அணைத்து வைத்திருந்ததால் முகம் தெரியவில்லை. திரையில் வெறும் கறுப்புக் கட்டம். பெயரையும் குரலையும் வைத்து, யோகலிங்கத்தின் மனைவி வசந்தமலர் ஒரு வெள்ளைக்காரியை மனதில் வரைந்து முடித்திருந்தாள்.

வீட்டில் ஒழுங்கான மேசையும், கம்பனி கொடுத்த சாமான்களும் உண்மையாகவே பாவனையில் இருந்தால் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து ரெடிங் நகரத்து அலுவலகம். வீட்டுக்குக் கிட்ட, செவன் கிங்ஸில் ரயிலேறி லண்டன் முழுவதையும் குறுக்கே கடந்து, அதற்குப் பிறகும் போகவேண்டும். பின்னேரம் மகள் லோஜினியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆளில்லை. வசந்தமலருக்கு அந்த நேரம் ஆஸ்பத்திரிக் கன்ரீனில் ஷிப்ட்.

அதனால்தான் இன்று காலை அவள் ஷோகேஸைத் திறந்தாள்.

கம்பனியின் கீபோர்டும் மவுஸும் வந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்தன, ஜேர்மனி மச்சாள் தந்த தேநீர்க் கோப்பைகளுக்கும் லோஜினியின் நடனக் கேடயத்துக்கும் நடுவில். நல்ல சாமானை அன்றாடம் போட்டு அடிக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அந்தக் கோப்பைகள் இன்னும் தேநீரைக் கண்டதில்லை. ரிவி ரிமோட் பொலித்தீன் உறைக்குள் இருந்தபடியே சனல் மாற்றுகிறது. யாரும் வரும்போது நல்லதை வெளியே எடுப்பதும், அவர்கள் போனதும் துடைத்து உள்ளே வைப்பதும்தான் முறை.

வேலை நடந்ததெல்லாம் பழைய கீபோர்டில். அது இப்போது குசினியில், அரிசி வாளிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

அதில் ஏ, ஈ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. வசந்தமலர் அந்த இடங்களில் ஒட்டுப்பொட்டு ஒட்டிக் கொடுத்திருந்தாள். ஏ சிவப்பு, ஈ கறுப்பு, என்னுக்குக் கல் வைத்த பச்சை. ஸ்பேஸ் பாரில் பெருவிரல் படும் இடம் மட்டும் எண்ணெய் தடவினதுபோல் மினுங்கும். பழைய மவுஸின் றப்பர் பிசுபிசுத்து உரிந்ததில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. ஒருமுறை அமத்தினால் அது இரண்டுமுறை அமத்தியதாக எடுத்துக்கொள்ளும். அதன் குணமறிந்து பாதி அழுத்தத்தில் அமத்த யோகலிங்கத்தின் விரல் பழகியிருந்தது.

பெனிற்றா கீபோர்டைச் சரித்துக் காட்டச் சொன்னாள். அவர் சரித்தார். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும், ஈரம் உறிஞ்சும் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒன்று, அடியிலிருந்து வழுக்கி மேசையில் விழுந்தது.

இந்த மேசையில் யாரும் வேலை செய்ததற்கான அடையாளம் தனக்குத் தெரியவில்லை என்றும், அப்படியே எழுதவேண்டி வரும் என்றும் அவள் மரியாதையாகச் சொன்னாள்.

யோகலிங்கம் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினார். கமராவுக்குப் படாமல் சுவரோடு ஒட்டி நின்ற வசந்தமலர் அவருடைய சேட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“பொட்டு ஒட்டின அந்தச் சனியனைக் கொண்டுவந்து வெள்ளைக்காரிக்கு முன்னால மானத்தை வாங்காதேங்கோ.”

அப்ப ரெடிங்குக்கு நீர் போறீரோ என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அவள் விடவில்லை. கறுப்புக் கட்டத்தைப் பற்றியும் தன் கருத்தைச் சொன்னாள்: உதுக்குக் கலியாணம் ஆகியிருக்காது, ஆகியிருந்தால் ஊரான் வீட்டு மவுஸைப் பிரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. யோகலிங்கம் சிரித்த முகத்தைக் கமராவுக்குக் காட்டியபடியே அதற்கும் தலையாட்டினார்.

மைக்கை அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை. தமிழுக்கு எதற்கு மைக்கை அணைப்பது?

கறுப்புக் கட்டத்திலிருந்து இந்தமுறை தமிழில் பதில் வந்தது.

“அங்கிள், எனக்குக் கலியாணம் முடிஞ்சுது எண்டு அன்ரியிட்டச் சொல்லுங்கோ. அந்தப் பொட்டு ஒட்டினதை ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்.”

வசந்தமலரின் கையிலிருந்து சேட் நழுவியது.

குசினிக்குப் போனது அவள்தான். அந்த அவதியிலும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துத்தான் கொண்டுவந்தாள்.

யோகலிங்கம் பழையதைக் கமராவுக்கு நேரே பிடித்தார். மொட்டை எழுத்துகள், மூன்று பொட்டுகள், மினுங்கும் ஸ்பேஸ் பார். யாரும் கேட்காமலே கவிழ்த்துத் தட்டியும் காட்டினார். உள்ளேயிருந்து முறுக்குத்தூள் கொட்டியது.

மறுபக்கத்தில் ரைப் அடிக்கும் சத்தம் கேட்டது. இது கம்பனி கொடுத்ததா என்ற கேள்வியே வரவில்லை; மேசை கடும் பாவனையில் உள்ளது என்று எழுதிவிட்டதாகப் பெனிற்றா மீண்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். ரெடிங் தேவையில்லை.

போவதற்கு முன், முகம் காட்டாமல் போவது சரியில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தன் கமராவைப் போட்டாள்.

முப்பது வயது இருக்கும். ரெய்னர்ஸ் லேனில் மாமி வீட்டில் இருந்து பேசுவதாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஷோகேஸ். அதற்குள் மாதா சொரூபத்துக்கும் கோப்பை அடுக்குக்கும் நடுவில், பொலித்தீன் உறை பிரியாமல், அதே கம்பனி கீபோர்டும் மவுஸும் நின்றன.

வசந்தமலர் அதைக் கண்டாள். அந்தப் பிள்ளை இவ்வளவு நேரமும் எதில் ரைப் அடித்தது என்று கேட்கவில்லை.