ஒன்பது குறைகள்

"இங்க வாயேன், இந்தப் பிளான்ல என்னென்ன குறைன்னு சொல்லு பாப்போம்!"

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார் நகரமைப்பு அலுவலர். வீடுகளின் வடிவமைப்பு எப்படி இருக்கிறது என்று மதிப்பிட, அவர் அலுவலகத்தில் மூன்று நாள் பயிற்சி. இந்தப் பிளானின் குறைகளை நாளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தேறாவிட்டால், அனுமதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவருடைய உதவியாளருக்குப் போய்விடும். இருபது வருஷமாகச் சுவரை மட்டுமே அளந்தவருக்கு, அதற்குள்ளே மனுஷன் எப்படிக் குடியிருப்பான் என்று யோசித்துப் பழக்கமில்லை.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி, கண்ணைத் துடைத்தபடியே வந்து நின்றாள்.

"அப்பாடா! வீட்டுல என்ன குறைன்னு எங்கிட்ட கேக்கணும்னு இன்னைக்காவது தோணுச்சே!"

"நேரமில்லம்மா, சொல்லு."

"சமையலறை ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாக்குது. அடுப்பைப் பத்தவெச்சா வீடு பூரா புகை. ஃபிரிட்ஜைத் திறந்தா ஆள் வெளியில வர முடியாது. குளியலறைக் கதவு நேரா ஹால்ல திறக்குது. யாராவது வந்துட்டா துண்டோட உள்ளேயே தவம் கிடக்கணும்."

"மெதுவா, மெதுவா!" அலுவலரின் பேனா ஓடியது.

"துணி காயப்போட இடமில்லை. மாடிப்படி ஒரே இருட்டு. பிள்ளைங்க உக்காந்து படிக்க ஒரு மூலை கிடையாது. ஆனா வாசல்ல மட்டும் ரெண்டு பெரிய தூண், யாருக்கு ஜம்பம் காட்டவோ!"

இன்னும் இரண்டைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள், பயிற்சி கொடுக்க வந்த பெண் பொறியாளர் அசந்துபோனார்.

"பிரமாதம் சார்! நானே ஏழுதான் கண்டுபிடிச்சேன். நீங்க ஒன்பது எழுதியிருக்கீங்க. நீங்கதான் முதல்!"

அலுவலருக்குத் தலைகால் புரியவில்லை. உதவியாளரின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் உற்சாகம் இன்னும் ஏறியது.

"இந்த வீட்டைப் போட்டவன் எவனோ, அவனை ஒரு வாரம் அந்தச் சமையலறையில நிக்கவைக்கணும் மேடம்!"

"வேடிக்கை என்னன்னா, உங்க ஆபீஸ்ல எந்த ஃபைலை எடுத்தாலும் இதே வீடுதான் சார். யாரோ ஒருத்தர் முதல்ல கட்டியிருக்கார். மத்தவங்க அதையே காப்பி அடிச்சிருக்காங்க. அப்படி அடிச்சவங்களுக்கெல்லாம் மறுநாளே அனுமதியும் கிடைச்சிருக்கு!"

"காப்பி அடிக்கறதுக்கும் ஒரு அறிவு வேணாமா?" என்று அலுவலர் தலையில் அடித்துக்கொண்டார். உதவியாளர் எதையோ சொல்ல வாயெடுத்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

சாயங்காலம், வாசல் தூணில் சாய்ந்து ஷூவைக் கழற்றும்போதே குரல் கொடுத்தார் அலுவலர்.

"உன் புண்ணியத்துல என் நாற்காலி தப்பிச்சுது! ஒரு நிமிஷம்தான் பாத்தே. அந்தப் படத்துல இவ்வளவும் எப்படிம்மா கண்ணுல பட்டுது?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படத்தை யாரு பாத்தா? வெங்காய எரிச்சல்ல எனக்கு மேசையே தெரியலை. நீங்களே பிளான் போட்டுக் கட்டின இந்த வீட்டுல, பதினெட்டு வருஷமா நான் படுற பாட்டைத்தான் வரிசையாச் சொன்னேன்!"