பச்சைக் கட்டம்

அவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். அவள் சரிந்தாள். விலாவில் ஓர் உதை விழுந்தது.

“இன்னும் கொஞ்சம் கிட்ட,” என்றார் அந்த அம்மா.

கேமராக் கடைக்காரன் ஜூமைத் தள்ளினான். சற்று முன்புவரை அது சாதாரண வியாபாரமாகத்தான் இருந்தது. “கைக்கு அடக்கமா இருக்கணும் தம்பி, தூரத்துல இருக்கிறது கிட்டத் தெரியணும். இதுதான் என் முதல் கேமரா, ஒண்ணும் தெரியாது,” என்று கேட்டுத்தான் அந்த அம்மா கடைக்கு வந்திருந்தார்.

யார் வந்தாலும் கடை வாசலில் நின்று, எதிர் வீட்டு மூன்றாம் மாடிக் கொடியில் காயும் சட்டையின் பொத்தானை எண்ணிக் காட்டுவது அவன் வழக்கம். இன்று கொடிக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது.

“ஐயோ, கொன்னுடுவான்மா!” கேமராவை அவரிடம் திணித்துவிட்டு, போலீஸுக்குப் போன் போட்டு முகவரியைச் சொன்னான். அப்படியே தெருவில் இறங்கப் போனான்.

“போகாதீங்க. கீழ கேட்டைப் பூட்டிட்டுத்தான் அடிப்பான். போன தடவை எப்படியோ மேல போய்க் கதவைத் தட்டினேன்.” புருவத்துக்கு மேலிருந்த தையலைத் தொட்டுக் காட்டினார்.

“அதான் போலீஸ் வருதே!”

“வரும். சிரிச்சுக்கிட்டே பேசுவான். வழுக்கி விழுந்துட்டாம்பான். அவளும் பயத்துல ஆமாம்பா. அவங்க போயிடுவாங்க. இப்படியே விட்டா ஒரு நாள் அவளைத் தூக்கிக்கிட்டுத்தான் இறங்கணும். எப்படி எடுக்கணும், சொல்லுங்க.”

“முழங்கையை உடம்போட ஒட்டிக்கோங்க. கதவுல சாஞ்சுக்கோங்க. இவ்வளவு ஜூம்ல மூச்சு விட்டாலே படம் ஆடிடும். பட்டனைப் பாதி அழுத்தினா பச்சைக் கட்டம் வரும். அது எதுமேல நிக்குதோ அதுதான் தெளிவா விழும்.”

கட்டம் அந்தப் பெண்ணின் முகத்தில் போய் நின்றது. உதடு கிழிந்து தாடைவரை ரத்தம்.

“அவ்வளவுதாம்மா, முழுசா அழுத்துங்க!”

“இவ முகம் வேணாம். காயத்துக்கு ஆயிரம் காரணம் சொல்லிடலாம். அவன் முகம் வேணும்.”

அவனோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இடுப்பு பெல்ட்டை உருவி, இரும்புக் கொக்கி வெளியே தொங்கும்படி கையில் சுற்றினான்.

“மிருகம்! இவனைப் பெத்தவளை நடுத்தெருவுல நிக்கவெச்சுக் கேக்கணும்மா.”

“கேக்கலாம்,” என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “முதல்ல படம் விழட்டும்.”

பெல்ட் இறங்கியது. தலையை மறைத்த கைகள்மீதே மறுபடியும் இறங்கியது. கடைக்காரனால் தாங்க முடியவில்லை. “டேய்! விடுடா அவளை!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

ஓங்கிய பெல்ட்டோடு அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். இன்னொரு கையில் அவள் முடி. பச்சைக் கட்டம் சட்டென்று அவன் முகத்தில் நின்றது. கேமரா ஆடவில்லை. அந்த அம்மாவின் விரல்தான் பாதி அழுத்தத்தோடு அப்படியே நின்றுவிட்டது.

“அழுத்துங்கம்மா!”

அழுத்தினார்.

போலீஸ் வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவனே இறங்கி வந்து கேட்டைத் திறந்தான், சிரித்தான், உள்ளே கூட்டிப்போனான். கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரர்களும் கை குலுக்கிவிட்டு வெளியே வந்தார்கள். கடைக்காரன் ஓடிப்போய் இன்ஸ்பெக்டரைக் கையோடு கடைக்குள் இழுத்து வந்தான்.

திரையைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. வாசலுக்குப் போய், “மேல போங்கய்யா! அவனை விடாதீங்க. அந்தப் பொண்ணை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க,” என்று கத்தினார்.

“நானும் சாட்சி சொல்றேன் சார்,” என்றான் கடைக்காரன். “பாவம் சார் இந்தம்மா, பெத்த வயிறு எப்படித் துடிச்சிருக்கும்!”

இன்ஸ்பெக்டர் திரும்பினார். “புகார் நீங்கதானே குடுக்கறீங்க? பொண்ணோட அம்மாவா?”

அந்த அம்மா கேமராவை மேஜைமேல் வைத்தார்.

“இல்லைங்க. பையனோட அம்மா.”