வலப்பக்கத்து ரத்தம்

திறக்க முடியாத ஜன்னலுக்கு அப்பால் வெயில் அடிக்கிறது. ஆய்வகத்துக்குள் குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும். நுண்ணோக்கியோடு இணைந்த திரையில் இரண்டு வட்டங்கள். இடப்பக்கம் ஃப்ளூ காய்ச்சல்காரரின் ரத்தம். வலப்பக்கம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காலையில் ஆய்வகத்தில் மூத்தவளான அக்கா தன் கையிலிருந்தே எடுத்துக் கொடுத்தது. இங்கே வழக்கமே அதுதான்; நோயில்லாத ரத்தத்துக்காக யார் வெளியே அலைவது? இரண்டிலும் பச்சையாக ஒளிரும் பாக்டீரியாவைக் கலந்திருக்கிறார்கள். இடப்பக்கத்து வெள்ளையணுக்கள் வைரஸிடம் அடிவாங்கியவை. கைக்கெட்டும் தூரத்தில் பச்சைப் புள்ளிகள் பெருகுவதைக் கண்டும் காணாததுபோல் தேமேயென்று கிடக்கின்றன. வலப்பக்கத்தில் இருப்பவையோ இந்நேரம் பாய்ந்து விழுங்கியிருக்க வேண்டும். அவையும் அப்படியேதான் கிடக்கின்றன. “அக்கா, ரெண்டுலயும் காய்ச்சல்காரர் ரத்தத்தையே ஊத்திட்டீங்களா?” என்கிறான் கூட வேலை பார்க்கிறவன். “இல்லப்பா. வலது என்னோடதுதான்.” சொல்லும்போதே அவளுக்குத் தொண்டை கரகரக்கிறது. காலையிலிருந்து முதுகு வலிக்கிறது. அந்தப் பழியை நாற்காலியின் மேல் போட்டிருந்தாள். திரையில் பச்சை கூடிக்கொண்டே போகிறது. அவன் தன் நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளுகிறான். இரண்டடியில் சுவர் இடிக்கிறது. “நேத்து கேன்டீன்ல என் காபில பாதிய குடிச்சது நீங்கதானே?” அவள் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொள்கிறாள். அவன் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, இழுப்பறையில் புது ஊசி ஒன்றைத் தேடுகிறான்.