வாரேன்

நீச்சலில் குறையில்லை, ஓட்டத்திலும் குறையில்லை. சைக்கிளில் ஏறியபோது மட்டும் கால் ஏன் அப்படிக் கல்லாய்க் கனத்தது? மூன்றும் சேர்ந்த தூத்துக்குடிப் போட்டியில் மயிரிழையில் பதக்கத்தைக் கோட்டைவிட்ட ஜெசிந்தா, கால்களுக்குத் தெம்பூட்டும் தன் பேசும் பந்தய உடையிடமே கேட்டாள்.

"சைக்கிள்ல ஏறும்போது உங்க வீட்டுக்காரர்கிட்ட 'வாரேன்'னு சொன்னீங்களே! திரும்பி வரப்போறீங்கன்னு நெனச்சு வேகத்தைக் குறைச்சேன்," என்றது உடை.

ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ 'போறேன்'னு சொன்னா?"

"பறப்பீங்க."

அடுத்த போட்டியில் கடலிலிருந்து ஓடிவந்து ஈரம் சொட்டச் சொட்டச் சைக்கிளில் ஏறினாள். தடுப்புக்கு அப்பால் நின்று கணவன் செல்வின் கையசைத்தான். 'போறேன்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வாரேங்க!"

கால் கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.