ஊமைக்காயம்: முழுத் தொகுப்பு

ஊமைக்காயம் என்ற, கத்திப் பாடும் பங்க் ராக் இசைக்குழு கலைந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதன் பாட்டுகளையெல்லாம் ஒரே ஆல்பமாகப் போடுகிறார்கள் என்று, அதில் பாடிய ரூபஸ் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தான். எல்லாம் சேர்ந்தும் அரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. பழைய மேடை நிகழ்ச்சிகளின் கேசட்டுப் பதிவுகளில் இரைச்சலை நீக்கிக்கொண்டிருந்த நித்திலன் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"அண்ணே, ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் ஒரே ஒருத்தர் கைதட்டுறது கேக்குது. கூட்டமே இல்லன்னு காட்டிக் குடுத்துரும். எடுத்துரட்டா?"

"எந்த ஊரு கேசட்டு?"

"எல்லா ஊருலயும்ணே. ஒரே ஆளுதான். ரெண்டு தட்டு வேகமா, மூணாவது கொஞ்சம் தாமதமா."

அந்த நாளில் மேடையில் ரூபஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் கத்துவான். திறந்தால் முகத்தில் விளக்கு, எதிரே இருட்டு. பாட்டு முடிந்த பின்னும் காதுக்குள் ஆம்ப்ளிஃபயர் ரீங்கரித்துக்கொண்டே இருக்கும்; வேறெதுவும் கேட்காது. யாருக்காகத் தொண்டை கிழியக் கத்துவது என்று வெறுத்துப்போய்த்தான் குழுவையே கலைத்தான்.

"கடைசி ப்ரோகிராமைப் போடு."

பாட்டு முடிந்தது. அந்தக் கைகள் தட்டத் தொடங்கின. வேகமாக இரண்டு. அதற்குள் மைக்கில் அவனுடைய இளவயதுக் குரல் சொன்னது: "ஒருத்தரும் வரல. மூட்டை கட்டுங்கடா."

மூன்றாவது தட்டுக்காக ரூபஸ் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தான். டேப் வெறுமனே இரைந்துகொண்டே ஓடியது.