டெய்லர் வாளியில் போட்ட கோடு

கடல்மீன் தொட்டிக்காகக் குழாய்த் தண்ணீர் பிடித்து, குளோரின் போக மருந்து விட்டு, உப்பையும் கரைத்து, வாளியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார் டெய்லர். காலையில் தண்ணீர் கோட்டுக்கு நாலு இஞ்ச் கீழே கிடந்தது. மத்தியானம் கோட்டைத் தொட்டது. சாயங்காலம் மறுபடி நாலு இஞ்ச் இறக்கம்.

"யாரு இதுல பச்சைத்தண்ணிய ஊத்துறது? மீனெல்லாம் செத்துடும்!"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க," என்றாள் மனைவி.

சோதித்தால் குளோரின் துளியும் இல்லை, உப்பும் சரியாக இருந்தது.

"ஏறி இறங்க இது என்ன கடலா?" என்று பாத்ரூமுக்குள் வாளியை வைத்துப் பூட்டினார்.

மறுநாள் திறந்தால் வாளியில் ஒரு சொட்டு இல்லை. அடியில் ஈர மணல். தலையில் அடித்துக்கொண்டு குழாயைத் திருகினார். காற்றுதான் வந்தது. காதை வைத்துக் கேட்டார். உள்ளே, ரொம்பத் தூரத்தில், ஓர் இரைச்சல் நெருங்கி வந்துகொண்டிருந்தது.