எட்டு மணி நேர வேலை

முதலாளியின் மேசையைக் குத்திக் குத்தியே சங்கத் தலைவர் மல்கேரினுக்குக் கை வீங்கிவிட்டது. சிகாகோவிலேயே உயரமான கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடி அது. கீழே தெருவில் இரண்டாயிரம் வேலைநிறுத்தக்காரர்கள், மூன்று மணிக்குள் நல்ல சேதி வராவிட்டால் கல்லெறிவது என்று நின்றார்கள்.

"சரிய்யா, எட்டு மணி நேரந்தான் வேலை. அடுத்த மாசத்துலேருந்து," என்றார் முதலாளி ஹாட்ச்கிஸ்.

"இந்த நிமிஷத்துலேருந்து! உங்ககிட்ட கூலி வாங்குற அத்தனை பேருக்கும்! அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட வேலை வாங்கக் கூடாது!"

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இருவருமாகவே சேதி சொல்ல லிஃப்டில் இறங்கினார்கள். மல்கேரினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பிக் கதவு வழியாகவே கத்தினார்: "ஜெயிச்சுட்டோம்டா! எட்டு மணி நேரம்! இப்பவே அமலுக்கு வந்தாச்சு!"

ஏழாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

"யாருடா நிறுத்துனது?"

"நாந்தாண்ணே, லுட்விக்," என்று நிலவறையிலிருந்து குரல் வந்தது. "லிஃப்ட் எஞ்சினுக்குக் கரி போடுறவன். காலைல ஆறு மணிக்கு வந்தேன். எட்டு மணி நேரம் எப்பவோ தாண்டிருச்சு."

"ரெண்டே நிமிஷம் ஓட்டுடா!"

"உங்க வாயால இப்படிச் சொல்லலாமாண்ணே?"

"அடப்பாவி, கல்லெறியப் போறாங்கடா! ஜெயிச்ச சேதியையாவது போய்ச் சொல்லு!"

"அதுவும் வேலைதானேண்ணே? நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்து சொல்றேன்."